பிரேக் மிதித்த கால்கள்

ஞாயிறு, இரவு

இன்று மாலை நாமக்கல்லில், பறந்து வந்து ஊரைக் காப்பாற்றுகிற வீரன் படத்தின் இரண்டாம் பாகம் பார்த்தோம். எங்கள் வரிசை முழுக்க என் வீட்டுக்காரரோடு லாரி ஓட்டுகிறவர்கள். முதல் பாகத்தில் அந்த வீரனுக்கு மனசு என்று ஒன்று இருந்தது. இதில் வெறும் அடிதடி. கதையில் ஆழமே இல்லை என்று இடைவேளையிலேயே புலம்பித் தீர்த்தேன்.

அப்புறம் ஒரு காட்சி. மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு லாரி வருகிறது. பக்கத்தில் இவருடைய வலது கால் தரையை அழுத்தியது. திரை வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தேன். வரிசையில் அத்தனை பேருடைய வலது காலும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது! ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. வீரன் ஒற்றைக் கையால் லாரியை நிறுத்தி, டிரைவரைப் பூப்போல இறக்கி விட்டான். விசில் காதைப் பிளந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இன்னும் அடங்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது, "படம் எப்படிங்க?" என்றேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு. அந்த டிரைவர் ஊடு போய்ச் சேந்தானான்னுதான் காட்டவே இல்ல அம்மிணி."

ஆழம் வேண்டும் என்று கேட்ட நான் அந்த டிரைவரை அடுத்த காட்சியிலேயே மறந்திருந்தேன்.

விடிந்தால் இவருக்குப் பெங்களூர் லோடு. திரும்பி வரும்போது தொப்பூர் மலை இறக்கம்.