பதினாலு சைக்கிளும் ஒரு பாடும்

டிசம்பர் 9, திங்கள்

சென்னையில் சைக்கிள் கிளப் நடத்தும் வரதன் சார் மத்தியானம் போன் செய்தார். ஹாலந்திலிருந்து பதினாலு பேர் வருகிறார்களாம், எல்லாரும் அறுபது தாண்டியவர்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறையைப் பார்த்துவிட்டு, மறுநாள் தீவு நெடுக சைக்கிளில் போக வேண்டும். போன வழியே திரும்பக் கூடாது. ஜனவரி 5, ஞாயிறு. "சைக்கிள் நாங்க கொண்டாந்துடறோம். வழி, வண்டி, படகு எல்லாம் நீங்க பாத்துக்கணும், வேணு" என்றார்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் என் காண்ட்ராக்ட் 31-ஆம் தேதியோடு முடிகிறது. சரி என்று சொல்லிவிட்டேன். யோசித்திருந்தால் பயந்திருப்பேன்.

சாந்தி கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். "அவங்க தாத்தனுங்க கப்பல்ல வந்து எறங்கினாங்க, பேரனுங்க சைக்கிள்லயா?" பெண்டாட்டி என்றால் கொஞ்சம் பெருமைப்படக் கூடாதா?

டிசம்பர் 11, புதன்

வரதன் சார் அனுப்பிய திட்டம் தலைகீழ். காட்டுப்பள்ளியில் ஏறி, வடக்கே வந்து, லைட் ஹவுஸ் குப்பத்தில் முடிப்பதாம். மார்கழியில் வடக்கேயிருந்து வாடை எப்படி அடிக்கும் என்று சென்னையில் இருப்பவருக்கு என்ன தெரியும்? பதினைந்து கிலோமீட்டர் எதிர்காற்றில் மிதித்தால் அந்தப் பெரியவர்கள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் போனில் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். லைட் ஹவுஸ் குப்பத்தில் தொடங்கி, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு தெற்கே போவது.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அப்படியென்றால் முடிகிற இடம் காட்டுப்பள்ளி. அங்கிருந்து வண்டியில் திரும்ப மீஞ்சூர், பொன்னேரி சுற்றி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இரண்டரை மணி நேரம். சைக்கிள்கள் வேண்டுமானால் அப்படி வரட்டும். ஆட்கள் தீவை ஒட்டி ஓடும் கால்வாய் வழியாகப் படகில்தான் வர வேண்டும். இரண்டு படகு.

ஒன்று என்னைப் பெற்ற நைனாவுடையது இருக்கிறது. கேட்பது யார்? நாலு வருஷமாக அவர் என்னோடு பேசுவதில்லை. துறைமுகம் வேண்டாம் என்று ஊரே படகுகளில் கறுப்புக் கொடி கட்டிய அதே மாதம் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். "பாட்டுலேந்து உன் பேர அடிக்கச் சொல்லிடறேன், போ" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. மூன்று குப்பமும் நாள் பிரித்து, சீட்டு போட்டு, முகத்துவாரத்தில் வலை கட்டுகிற முறைதான் பாடு. அதை எழுதி வைக்கிற நோட்டில் பேர் இல்லாதவன் எங்கள் கோட்டைக்குப்பத்தில் பாதி ஆள். நான் நாலு வருஷமாகப் பாதி ஆள்.

தினமும் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சாந்தியிடம் சொல்வார். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன்.

டிசம்பர் 14, சனி

பி ஷிஃப்ட் என்பதால் காலையில் பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கிக்கொண்டு முழுத் தூரமும் போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றரை மணி நேரம். அவர்களுக்கு இரண்டரை மணி வைக்க வேண்டும். மூன்று இடங்களில் தார் மேல் மணல் ஏறிக் கிடக்கிறது. இறங்கித் தள்ளத்தான் வேண்டும். வேலிகாத்தான் முள் ஏறிப் பின் சக்கரம் காலி, கடைசி இரண்டு கிலோமீட்டர் நடை. ஆகவே சைக்கிள் ஏற்றும் வண்டி முன்னால் போய்க் காத்திருக்கக் கூடாது, பஞ்சர் ஒட்டுகிற ஆளோடு பின்னாலேயே வர வேண்டும்.

கால்வாய்க் கரையில் முழங்கால் அளவு சேறு. எழுபது வயது அம்மா ஒருவர் இதில் இறங்கிப் படகு ஏறுவாரா? நானே வழுக்கி உட்கார்ந்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

எல்லாம் எழுதி வைத்ததாக நினைத்தேன். சாந்தி காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள். "பொம்பளைங்க ஒண்ணுக்கு எங்க போவாங்க?"

நடுவழியில் காளாஞ்சியில் இருசம்மாள் அத்தை வீடு. அவளே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 19, வியாழன்

டாடா ஏஸ் உறுதி. சைக்கிள்களைப் படுக்கப் போட்டால் கம்பி வளையும். நிற்க வைத்து, இடையில் பழைய வலையைத் திணித்துக் கட்ட வேண்டும்.

டிசம்பர் 21, சனி

கேட்டேன். அதாவது, சாந்திதான் நைனாவிடம் படகைக் கேட்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைனா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். "அந்தக் கரையில என் படகு ஒதுங்காதுனு சொல்லு. அதில்லாம, அஞ்சாந்தேதி எனுக்கு பாடு கீது."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. போன வாரம்தான் அவர் வாயாலேயே சாந்தியிடம் சொன்னார், அவருக்கு விழுந்தது ஜனவரி 2 என்று. ஒரு ஆளுக்கு மூன்று நாளில் இரண்டு பாடு வருமா? முடியாது என்று சொல்லிவிட்டுப் போகட்டும், பொய் எதற்கு? கை கழுவியதும் நேரே தருமலிங்கம் வீட்டுக்குப் போனேன். பாட்டு நோட்டு அவரிடம்தான் இருக்கும். பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றுதான் போனேன்.

நோட்டைத் திருப்பிக் காட்டினார். ஜனவரி 2, துளசிங்கம், அதாவது நைனா. ஜனவரி 5, து. வேணு.

"இது யார் வேணு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது?

தருமலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாடா, தெரியாத மாரி கேக்கற? உன் பேர அடிக்கணும்னு கூட்டத்துல நாலு பேரு நின்னாங்க. உங்க நைனாதான் வுடல. காண்ட்ராக்ட் வேல எத்தினி நாளிக்கி, அவன் திரும்பி வந்தா நிக்க எடம் வோணும்னு சண்ட போட்டாரு. உன் மொறைக்கும் அவரேதான் வந்து நிக்கறாரு. நாலு வருசமா."

டிசம்பர் 22, ஞாயிறு

சாந்திக்குத் தெரியும். நாலு வருஷமும் தெரியும். "சொல்லக் கூடாதுன்னாரு" என்கிறாள். நைனாவுக்கு அறுபத்தாறு வயசு. ரெண்டு ஆள் வேலை. நான் கேன்டீன்ல உக்காந்து டீ குடிச்சிக்கினு, என்ன ஊரு ஒதுக்கிடுச்சுன்னு பொலம்பிக்கினு இருந்தேன். வெக்கமா கீது. அவரு மேல கோவமும் வருது — ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா?

ஏ ஷிஃப்ட் என்றைக்கு, பி ஷிஃப்ட் என்றைக்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு தேதியை ஒத்துக்கொள்வதற்கு முன்னால் அன்றைக்கு எந்தக் குப்பத்துப் பாடு என்று பார்க்கத் தோன்றவில்லை. கோட்டைக்குப்பத்தில் பிறந்தவன் செய்கிற தப்பா இது?

டிசம்பர் 24, செவ்வாய்

முடிவு செய்துவிட்டேன். பாட்டில் நான்தான் நிற்பேன். சைக்கிள் பயணமும் நடக்கும்.

வரதன் சார் கொதித்தார். தேதி மாற்ற முடியாது, விமான டிக்கெட் போட்டாச்சு, நீங்க இல்லன்னா கேன்சல் என்றார். முறை தவறினால் என் பேர் போய்விடும் சார், உங்கள் ஆட்களுக்கு ஒரு குறையும் வராது, சாந்தி கூட்டிப் போவாள் என்றேன். "அவங்களுக்கு சைக்கிள் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். பள்ளிக்கூடத்தோடு விட்டவள் என்பதைச் சொல்லவில்லை.

படகுக்குத் தோணிரேவு எல்லப்பன். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாட்டு முறை இல்லை. இரண்டு படகும் அவரே கொண்டு வருகிறார்.

சாப்பிடும்போது சாந்தி வழியாக இல்லாமல் நானே சொன்னேன். "நைனா, அஞ்சாந்தேதி நான் வரேன்." அவர் மோர் கேட்டார். சாந்தியிடம்.

டிசம்பர் 28, சனி

ஒத்திகை. சாந்தி முதல் மணலிலேயே விழுந்தாள். கை கொடுக்கப் போனேன், முறைத்தாள். காளாஞ்சி வருவதற்குள் என்னை முந்திவிட்டாள்.

சேற்றுக்கு எல்லப்பன் ஒரு வழி சொன்னார். நாலு பிளாஸ்டிக் நாற்காலியைச் சேற்றில் அழுத்தி, மேலே பலகை. நான் நடந்து பார்த்தேன், ஆடவில்லை. இதற்கா நான் இரண்டு வாரம் தூங்காமல் கிடந்தேன்?

ஜனவரி 1, புதன்

ஹெல்மெட்டையும் பாஸையும் நேற்று ஒப்படைத்துவிட்டேன்.

ஜனவரி 4, சனி

வந்துவிட்டார்கள். சாயங்காலம் கல்லறைக்குப் போனோம். வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளை ஒருவர் விடாமல் படம் எடுத்தார்கள். சைக்கிள் சீட்டுகளை அவரவர் உயரத்துக்கு இன்றே ஏற்றி இறக்கி, பேர் எழுதி ஒட்டியாகிவிட்டது. படகுக்கு ஏழு ஏழு பேர். நாளைக் காலை ஆறரைக்குச் சாந்தி கிளம்புகிறாள். நான் அதற்கு முன்னாலேயே.

ஜனவரி 5, ஞாயிறு

கை வலியில் எழுத்து கோணுகிறது.

விடிகிற நேரம், ஏரி வடிகிற வற்றத் தண்ணீர் கடலுக்கு இழுத்துக்கொண்டு ஓடியது. மார்பளவு தண்ணீரில் கழி ஊன்றி வலை கட்ட வேண்டும். முதல் கழி கையிலிருந்து நழுவிப் போய்விட்டது. பக்கத்துப் படகில் யாரோ சிரித்தார்கள். நைனா நீந்திப் போய் அதைப் பிடித்துக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்.

"ரெண்டு கையாலயும் புடி. தண்ணிக்கு எதுக்க நில்லுடா. இன்னா, பொம்மையாட்டம் நிக்கற?"

என்னைப் பார்த்து. என்னிடம். சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது. முகமெல்லாம் உப்புத் தண்ணீர், யாருக்கும் தெரிந்திருக்காது. "சரி நைனா" என்றேன். அதற்குப் பிறகு நாள் முழுக்கத் திட்டினார். ஒரு கழியைக்கூட நான் சரியாக ஊன்றவில்லையாம்.

ஒரு மணிக்குச் சாந்தி போன். "பதினாலு பேரும் வந்து எறங்கிட்டாங்க. மூணு பஞ்சரு. ஒரு தாத்தா மண்ணுல வுழுந்துட்டு எழுந்து சிரிக்கிறாரு. இருசம்மா அத்தை எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்து அர மணி நேரம் லேட் பண்ணிட்டாங்க. நீ இல்லாமயே நடந்துச்சு, பாத்துக்கோ."

இறால் சுமாராகக் கிடைத்தது.

ஜனவரி 11, சனி

வரதன் சார் பிப்ரவரியில் இன்னொரு குழு என்கிறார், இந்தத் தடவை இருபது பேர். மத்தியானம் சாப்பிடும்போது சாந்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லப்பனிடம் இரண்டு படகுதான் இருக்கிறது, மூன்றாவதுக்கு எங்கே போவது என்று.

நைனா என் பக்கம் திரும்பினார். "என்னிக்கி?"

"ரெண்டாந்தேதி நைனா. ஞாயித்துக்கெழம."

"ஆவாது. நேத்து சீட்டு போட்டாங்க. ரெண்டாந்தேதி உன் பாடு." இன்னொரு வாய் சாப்பிட்டார். "ஒம்போதுக்கு மாத்து. அன்னிக்கி என் படகு சும்மாதான் கெடக்கும்."