மெல்போர்ன் தாண்டாத பூவன் சீப்பு

அன்புள்ள அப்பாவுக்கு யமுனா எழுதுறேன். முழங்கால் வலி தேவலையா? நான் சௌக்கியம்.

நேத்து கிளாஸ்ல கத்திட்டேன், பயப்படாதீங்க. உலக வர்த்தகப் பாடம். "சரக்கு எல்லை தாண்டும், உழைக்கிறவங்க தாண்ட மாட்டாங்கன்னு வெச்சுக்கிட்டாத்தான் இந்தக் கோட்பாடு நிக்கும்"னார் புரொபசர். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "எங்கப்பா தொட்டியத்துல விளைவிச்சுக் கொடுத்தனுப்பின பூவன் சீப்பை உங்க ஏர்போர்ட்ல பிடுங்கிக் குப்பையில போட்டாங்க. என்னை மட்டும் உள்ளே விட்டு ஹோட்டல்ல தட்டு கழுவ வெச்சிருக்கீங்க. எது சார் எல்லை தாண்டுச்சு?"ன்னேன். கணக்கு சுலபமாகணும்னுதான் அப்படி வெச்சுக்கிறாங்களாம், சிரிக்கிறார்!

தட்டு கழுவுறதை அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. வாழைக்காய் சிப்ஸ் மட்டும் அனுப்பச் சொல்லுங்க.

கட்டுப்படியாகலைன்னு வாழையை விட்டுடாதீங்கப்பா. நான் வரும்போது ஒரு தாராவது மரத்துல இருக்கணும்.

பஸ் வந்துடுச்சு.

யமுனா