சுட்டியன் காணாத புல்

இஞ்சேருங்கோ,

கட்டின மனுசனைக் கடிதத்தில் வேறெப்படிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை.

தூர வடக்கில், பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையிலிருந்து போன் கோல் எடுக்கும்போதெல்லாம், "எங்கட சுட்டியன் என்ன செய்யிறான்?" என்று கேட்கிறீர்கள். "ஓம், நல்லா நிக்கிறான்" என்று சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை செய்யும் ஆராய்ச்சிப் பண்ணையில் நிற்பவை பால்மாட்டு இனத்துக் காளைகள். பால் தராது என்பதால் இறைச்சிக்கு வளர்க்கிறார்கள். பாதிக் காளைகள் கடைசிவரை கொட்டிலில் தீவனம் தின்னும். மற்றப் பாதி கோடையில் புல்வெளிக்குப் போகும். எதன் இறைச்சி நல்லதென்று பிறகு பார்ப்பார்கள். தீவனத்தை நிறுத்துப் போடுவதுதான் என் வேலை.

பட்டிப்பொங்கலன்று என்னைப் பார்க்க வந்தீர்கள். நான் அங்கால் போன நேரம், சுட்டியனின் நெற்றியில், அந்த வெள்ளைச் சுட்டிமேல் சந்தனம் வைத்து, சர்க்கரைப் பொங்கலைப் பானையோடு தின்னக் கொடுத்துவிட்டீர்கள். நீங்கள் போன பிறகு அவனுக்கு வயிறு ஊதிவிட்டது. மிருக வைத்தியர் காப்பாற்றினார். ஆனால் நிறுக்காத சோறு தின்ற மாடு இனி ஆராய்ச்சிக்கு உதவாதாம். எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்.

ஏப்ரலில் இறைச்சிக்கு ஏற்றிப்போகும் லொறி வந்தது. நான்தான் ஏற்றிவிட்டேன். ஏறும்போதும் என் கையை மோந்து பார்த்தான். பொங்கலைத் தேடினானோ தெரியாது.

உங்களில் பிழையில்லை. எப்படியும் எல்லாமே போகிறவைதான். ஆனால் இன்றைக்கு மற்றவற்றைப் புல்வெளிக்குத் திறந்துவிட்டோம். கன்றுகள் மாதிரித் துள்ளி ஓடின. அவனும் புல்வெளிக்குப் போகும் பாதியில் நின்றவன். இருந்திருந்தால் ஒரு கோடையாவது புல் தின்றிருப்பான்.

அடுத்த பொங்கலுக்கு வெறுங்கையோடு வாருங்கோ.

இப்படிக்கு,
எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் வீட்டில் உங்களுடைய போன் கோலுக்குப் பயந்திருப்பவள்