ஞாயிற்றுக்கிழமைக் கடை

13-6-82, ஞாயிறு

இவர் விடிந்ததுமே பனவடலிக்கு, வயலைப் பார்க்கப் போய்விட்டார். சைக்கிள் தெருவைத் தாண்டியதும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பக்கத்து வீட்டு முத்துத்தாய், "எங்க டீச்சர்?" என்றாள். "கடைக்கு" என்றேன். அதற்கு மேல் கேள்வி கிடையாது. கோயிலுக்குப் போனால் என்ன விசேஷம் என்பார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனால் யாருக்கு என்ன என்பார்கள். கடைக்குப் போகிறவளை யாரும் நிறுத்துவதில்லை.

கடையில் மைமூன் அக்கா யாருக்கோ பொரிகடலை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாலேயே உள்ளே காட்டினார். அரிசி மூடைகளுக்குப் பின்னால் ஆவுடை. பஸ் இன்று சீக்கிரம் வந்துவிட்டதாம். ஐந்தாம் மாதம், வயிறு தெரிகிறது. நான் கொண்டுபோன புளியோதரையை இலையோடு மடியில் வைத்துச் சாப்பிட்டாள். சாப்பிடும்போது இன்னும் சின்னப்பிள்ளை முகம்தான்.

விசைத்தறியில் வேலை பார்க்கிற சிவனாண்டியைக் கட்டிக்கொண்டு அவள் வாசுதேவநல்லூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வேற சாதி. "அவ பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது" என்று இவர் சொன்னது சொன்னதுதான். நானும் எடுக்கவில்லை. பெயரை எடுக்காமல் அவளைப் பெற்றவளாக எப்படி இருப்பது என்று மட்டும் தெரியவில்லை.

முதல் முறை தற்செயலாகத்தான். ஒரு சாயங்காலம் இந்தக் கடை வாசலில் அவளும் நானும் நேருக்கு நேர். மைமூன் அக்காதான், "உள்ள நின்னு பேசுங்க டீச்சர், வெயிலு அடிக்கில்லா" என்றார். அப்போது பொழுது அடைந்துகொண்டிருந்தது.

17-6-82

பஸ் ஸ்டாண்டு பக்கம் வள்ளிமயில் ஸ்டோர்ஸ் என்று பெரிய மளிகைக்கடை திறந்திருக்கிறார்கள். ராஜபாளையத்துக்காரர்கள். தென்காசி, புளியங்குடியில் எல்லாம் கிளை உண்டாம். முதல் நாள் வாங்கியவர்களுக்கு எவர்சில்வர் கரண்டி இனாம். ஸ்கூலில் எல்லாரும் அதே பேச்சு.

27-6-82, ஞாயிறு

ஆவுடை வரவில்லை. நல்லவேளை.

நோன்புக் களைப்பில் அக்கா தூணில் சாய்ந்திருந்தார். நான் போனதும், உட்காருங்க என்று சாக்கைத் தட்டிப் போட்டார்.

"டீச்சர், ஒங்ககிட்ட சொல்லாம இருக்க முடியல. பெருநா முடிஞ்சதும் கடைய அடைக்கப் போறேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. எத்தனை நாளைக்கு அக்கா என்று கேட்டேன்.

"ஒரேயடியாத்தான். சலாவுதீன் சவுதியில இருந்து சொல்லி விட்டிருக்கான். இனியும் ஏம்மா தராசு பிடிக்கே, கடையநல்லூர்ல நம்ம வீட்டுல போயி இரும்மாங்கான். மருமக தனியா இருக்கா. இங்கன வாரவுகளும் குறைஞ்சு போச்சு. நேத்துப் பூரா சீயக்காய்க்கு ஒரு ஆளு, நீலத்துக்கு ஒரு ஆளு."

கொஞ்சம் பொறுத்து, "புள்ளைய நெனச்சாத்தான் எனக்கு..." என்று நிறுத்திவிட்டார். அவர் சொன்னது அவர் பிள்ளையை இல்லை, என் பிள்ளையை.

என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்து வெறும் பையோடு வீட்டுக்கு வந்தேன்.

2-7-82

இவரோடு வள்ளிமயிலுக்குப் போனேன். டியூப் லைட், ஃபேன், கண்ணாடி அலமாரி. எல்லாம் முன்கூட்டியே பாக்கெட்டில் போட்டு மயில் படம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். சுத்தமாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பையன்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். ஒவ்வொன்றை எடுத்து வைத்ததும் "அடுத்து?" என்கிறார்கள். அடுத்து ஒன்றும் இல்லை என்றால் பின்னால் நிற்கிறவருக்கு வழிவிட வேண்டும்.

"பாத்தியாட்டி, கடைன்னா இப்படி இருக்கணும்" என்றார் இவர்.

நான் சுற்றிலும் பார்த்தேன். இரண்டு பேர் உட்கார எங்கேயும் இடமில்லை.

11-7-82, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன். ஆவுடை அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

கோயில் பிராகாரத்தில் பார்க்கலாமா என்றேன். இவருடைய அக்கா தினம் அங்கேதான். பஸ் ஸ்டாண்டு? எல்லாக் கண்ணும் அங்கேதான். அன்னக்கிளி டீச்சர் வீடு என்றேன் - அவள் வீட்டுக்காரரும் இவரும் ஒன்றாகச் சீட்டு ஆடுகிறவர்கள். ஒவ்வொன்றாக நானே சொல்லி நானே அடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும்மா. நான் என்ன களவாண்ட சாமானா? எங்கன ஒளிச்சு வைக்கன்னு தேடுதிய?"

"மெதுவாப் பேசுளா."

"ரெண்டு வருசமா மெதுவாத்தான பேசுதேன். தலைப்பிரசவத்துக்கு எல்லாப் பிள்ளையளும் தாய் வீட்டுக்குப் போவும். நான் அரிசி மூடைக்குப் பின்னால வந்தேன். அதுவும் மைமூன் பெரியம்மா எடங் கொடுத்ததுனால. இனி அதும் இல்ல. நான் இனிமே ஒளிஞ்சு வரமாட்டேம்மா. எம் பிள்ளையும் ஒளிஞ்சு வராது."

மைமூன் அக்கா முன்னால் வாடிக்கைக்காரர் யாரிடமோ வேண்டுமென்றே சத்தமாக விலை பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்றுதான்.

ஆவுடை பஸ்ஸுக்குப் போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

12-7-82

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பா? தேடிப் பார்த்தேன். இல்லை.

18-7-82, ஞாயிறு

வரவில்லை.

25-7-82, ஞாயிறு

இன்றும் வரவில்லை. பெருநாள் முடிந்து கடையில் கடைசி நாள். தெருவுக்குள் ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. மற்ற வருஷம் என்றால் இந்தச் சமயத்தில் அக்காவுக்கு நிற்க நேரம் இருக்காது.

மிச்சச் சாமானைத் தெருவில் உள்ளவர்களுக்கே கொடுத்தார். ஆளுக்கு ஆள் ஏதோ நினைவு சொன்னார்கள். பிச்சையா தாத்தா, ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டுச் சாவியை இங்கேதான் கொடுத்துவிட்டுப் போவாராம். முத்துத்தாய் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் இந்தக் கடையில்தான் குணம் விசாரித்தார்களாம். எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும் சொல்ல முடியாமல் நின்றேன்.

அக்கா கதவுப் பலகையை ஒவ்வொன்றாகச் செருகினார். நானும் ஒரு பலகையைப் பிடித்தேன். கடைசிப் பலகைக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், நான் எடந்தான் கொடுத்தேன். அவ்வளவுதான் என்னால முடிஞ்சுது. ஒங்களால அதுக்கு மேல முடியும்" என்றார்.

கோபமாகச் சொன்ன மாதிரி இருந்தது. இல்லை, எனக்குத்தான் அப்படிக் கேட்டதோ?

1-8-82, ஞாயிறு

பழக்கம். பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அடைத்த பலகைமேல் யாரோ போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அந்த இடத்தில் எப்போதும் இருக்கும் மல்லியும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை மட்டும் இன்னும் போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். யாரோ, "என்ன டீச்சர், யாரைப் பாக்கிய?" என்று கேட்டுவிட்டார்கள். கடை இல்லாத இடத்தில் நின்றால் கேட்கத்தானே செய்வார்கள்.

8-8-82, ஞாயிறு

இவர் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று ராத்திரி முழுக்க யோசித்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஆவுடை உண்டாயிருக்கா. ஏழு மாசம்" என்றேன். இரண்டு வருஷம் கழித்து இந்த வீட்டில் அவள் பெயர்.

துணி நின்றது. திட்டுவார், கையை ஓங்குவார் என்று நினைத்தேன். சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கடையில என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றார்.

தெரிந்தே சும்மா இருந்தாரா? ஞாயிறு தவறாமல் வயலுக்குப் போனது அதற்குத்தானா? இதைப் பாசம் என்பதா, பயம் என்பதா?

"தெரியும்னா, கூட்டிட்டு வருவோம். தலைப்பிரசவம்."

"தெரியுங்கது வேற. வாசல்ல ஏத்துதது வேற. எங்க அண்ணன் தம்பிய மொகத்துல நான் முழிக்க வேண்டாமா? நான் இருக்கையில அவ இந்த நடையில ஏற முடியாது."

"அப்ப நான் எறங்கிப் போறேன். பேறுகாலத்துக்கு நான் அங்க இருப்பேன். ஒளிஞ்சு இல்ல, சொல்லிட்டுத்தான் போவேன்."

என் குரலா அது? அடுக்களைக்குள் வந்து வெறும் பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் இன்று வயலுக்குப் போகவில்லை.

23-8-82

பேச்சு இல்லை. சோறு வைத்தால் சாப்பிடுகிறார்.

ஹெட்மாஸ்டரிடம் லீவு எழுதிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். "மகள் பிரசவம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஸ்டாஃப் ரூமுக்குச் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. அன்னக்கிளி டீச்சர் முகம் கொடுத்துப் பேசவில்லை.

5-9-82, ஞாயிறு

வாசுதேவநல்லூர் போய் வந்தேன். கதவைத் திறந்த ஆவுடை என்னைப் பார்த்துவிட்டு முதலில் தெருவைப் பார்த்தாள், யாரும் பார்க்கிறார்களா என்று. அந்தப் பழக்கம் அவளுக்கும் போகவில்லை. "சொல்லிட்டுத்தான் வந்தேன்ளா" என்றேன். அப்போதுதான் அழுதாள். சிவனாண்டி எங்கே நிற்பது என்று தெரியாமல் கலர் சோடா வாங்க ஓடினார்.

3-10-82, ஞாயிறு

கிளம்பிவிட்டேன். இதைப் பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், கோடு கோணலாக வருகிறது.

காலையில் பையைத் தூக்கப் போனபோது இவர் முந்திக்கொண்டு எடுத்தார். முன்னால் நடந்தார். முத்துத்தாய் வாசலில் நின்று பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு வரை வருவார் என்று நினைத்தேன். மைமூன் அக்கா கடை இருந்த மூலைக்கு வந்ததும் பையைக் கீழே வைத்தார்.

"கருப்பட்டி கொஞ்சம் வச்சிருக்கேன். பிள்ளை பெத்தவளுக்கு ஆவும்" என்றார். திரும்பி நடந்தார்.

கூப்பிட நினைத்தேன். கூப்பிடவில்லை. அவரால் அந்த மூலை வரைக்கும்தான் முடியும்போலிருக்கிறது. பை கனமாக இருந்தது. நானே தூக்கிக்கொண்டு வந்தேன்.

14-10-82

பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம். ஊருக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன்.

19-10-82

இன்னும் இவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

பிள்ளைக்கு வசம்பு வேண்டியிருந்தது. இந்தத் தெருக் கோடியிலும் ஒரு சின்னக் கடை இருக்கிறது. தகரம் போட்டது, ஒரு பெரியவர் வைத்திருக்கிறார். வாசலில் நாலைந்து பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். புது முகம் என்று என்னை எல்லாரும் பார்த்தார்கள்.

"எந்த வீடும்மா?" என்று பெரியவர் கேட்டார்.

எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"சிவனாண்டி வீடு. நான் ஆவுடைக்கு அம்மா."