டேங்கில் வைத்த பொட்டு

மார்ச் 9, 2024, சனி

வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடைக்கு லீவு சொல்லியிருந்தேன். கொஞ்சம் தூங்கலாம் என்று பார்த்தால் விடிந்ததும் விடியாததுமாக வாசலில் குழாய்ச் சத்தம். வேறு யார், என் வீட்டுக்காரர்தான். மோட்டார் சைக்கிளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். போர்ட் கிள்ளானில் காலமெல்லாம் கொண்டெய்னர் லோரி ஓட்டிய மனுஷன். சொந்தத்துக்கு வைத்திருந்ததெல்லாம் யாரோ ஓட்டித் தேய்த்த பழைய மோட்டார்கள்தான். தைப்பூசம் முடிந்த கையோடு எடுத்த இதுதான் முதல் புதுசு. நல்ல கருஞ்சிவப்பு. மகள் பிரியாவைப் பள்ளியில் சேர்த்த அன்றுகூட இவர் இப்படிச் சீவிச் சிங்காரித்து நிறுத்தியதில்லை.

டேங்கின் மேல் சந்தனமும் குங்குமமும் தடித்துப்போய் இருக்கின்றன. மோட்டார் எடுத்த அன்று கடையிலேயே வைத்த பொட்டு. தமிழாட்கள் வண்டி எடுத்தால் அந்தக் கடையில் தட்டு தயாராக இருக்கும். சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். சேல்ஸ் பையன் பிரவின் பொட்டு வைத்து, போட்டோ எடுத்து, கடையின் பேஸ்புக்கில் போட்ட பிறகுதான் சாவியைக் கொடுத்தான். அதன் மேலேயே இவர் வெள்ளிக்கிழமை தவறாமல் புதுப்பொட்டு வைக்கிறார்.

"கழுவும்போது தொடச்சிடுங்களேன், அசிங்கமா இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்டி. சாமி பொட்டு."

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால் டேங்க் பெயிண்டில் கொப்புளம். வெந்நீர் கொட்டிய தோல் மாதிரி. பொட்டைச் சுற்றியும் இருக்கிறது, கீழே பக்கவாட்டிலும் இருக்கிறது. விரலால் தடவினார். ஒரு துண்டு உரிந்து நகத்தோடு வந்தது.

"ரெண்டு மாசம்கூட ஆவலியே லோகேஸ்…" என்றார் என்னைப் பார்த்து.

வாரண்டி இருக்கு, ஏன் கத்துறீங்க என்றேன். கத்தியது நான்தான்.

மார்ச் 11, திங்கள்

வயிறு எரிகிறது. எழுதினாலாவது அடங்குகிறதா பார்ப்போம்.

மோட்டார் கடைக்குப் போனோம். பிரவின் டேங்கைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போனான். போனில் படம் எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜரிடம் போனான். அந்த ஆள் ஏர்கோன் குளிரை விட்டு வெளியே வரவே இல்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரவின்தான் திரும்பி வந்து, தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அங்கிள், மேனேஜர் சொல்றாரு… குங்குமத்துல சுண்ணாம்பு கலக்குறாங்களாம். வெயில்ல நின்னா பெயிண்ட்ட தின்னுடுமாம். வெளிப்பொருள் பட்டு கெட்டுப்போனா வாரண்டி கவர் பண்ணாதாம்."

"அந்தப் பொட்ட வச்சது யாருப்பா?" என்றேன்.

"நான்தான் ஆன்டி. கடையில வைக்கச் சொல்றாங்க, வைக்கிறேன்."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். வைக்கிறதும் நீங்க, வச்சதால கெட்டுச்சுன்னு சொல்றதும் நீங்களா, இது எந்த ஊரு நியாயம்லா என்று கத்திய கத்தலில் டயர் மாற்ற வந்தவர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். இவர்தான் கையைப் பிடித்து இழுத்தார். "வா லோகேஸ். பையன் என்ன பண்ணுவான்."

திரும்பும்போது சிவப்பு விளக்கில் நின்றோம். தலையைத் திருப்பாமலே சொன்னார்: "அவன் வச்சது ஒருநா. வாராவாரம் வச்சது நான்தானே."

மார்ச் 15, வெள்ளி

கோயிலுக்குப் போய் வந்தார். மோட்டாருக்குப் பொட்டு வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 3, புதன்

பிரிக்பீல்ட்ஸில் இன்று மதியம் நல்ல கூட்டம். வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசை ரோடு வரை நின்றது. கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பே விட்டுப்போயிற்று. ரயிலில் கிள்ளான் வந்து இறங்கினால் வழக்கம்போல இவர் மோட்டாரோடு காத்திருக்கிறார். ஆனால் டேங்கின் மேல் துண்டு போர்த்தியிருக்கிறது. கொப்புளம் ஊருக்குத் தெரியக் கூடாதாம். என்னத்தைச் சொல்ல.

பின்னால் ஏறி இடுப்பைப் பிடித்தேன். பிடிக்க ஒன்றுமே இல்லை. எப்போது இப்படி இளைத்தார்? சிலுவாரை பெல்ட்டால் சுருக்கிக் கட்டியிருக்கிறார். ராத்திரிச் சோற்றில் பாதியை ஒதுக்கிவிட்டு வயிறு மந்தம் என்கிறார். கிளினிக்கில் மருந்து கொடுத்தும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 19, வெள்ளி

கணையம். அந்த டாக்டர் பெண் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, பிரியா எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். திடீரென்று நிறுத்திவிட்டாள். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. பரவிவிட்டதாம். வெட்டி எடுக்க முடியாதாம்.

இவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வாசலில் நின்ற மோட்டாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது தோல் உரிஞ்சப்பவே நெனச்சேன். எங்கயோ குத்தம் பண்ணிட்டேன் லோகேஸ். சுத்தமில்லாத கையால வச்சேனோ என்னமோ. சாமி காட்டிருச்சு."

"பெயிண்ட் அடிக்கத் தெரியாத கம்பெனிக்காரன் காட்டுனதுங்க அது! சாமிக்கு வேற வேல இல்லயா?" என்று கத்தினேன். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அடப்பாவி மனுஷா, ஊருக்கு ஒரு கெடுதல் பண்ணியிருப்பியா நீ? யார் குடியைக் கெடுத்தே? வியாதி வந்தது போதாதுன்னு பழியையும் சேர்த்து மடியில கட்டிக்கிட்டுப் போகணுமா?

சாகப் போகிறவரைச் சாகாதே என்று நிறுத்த எனக்குச் சக்தியில்லை. அந்தப் பொட்டால் ஒன்றும் கெடவில்லை என்பதை மட்டும் எப்படியாவது அவர் காதில் போட வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டார். கம்பெனிக்காரன் சொல்ல வேண்டும். எனக்கு டேங்க் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இந்த ஒரு வார்த்தை வேண்டும்.

ஏப்ரல் 26, வெள்ளி

இன்று செய்த கூத்தை எழுதியே ஆக வேண்டும். வேலை முடிந்து நேரே வீட்டுக்குப் போகாமல் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் இறங்கி, நிற்கிற மோட்டார்களையெல்லாம் போட்டோ எடுத்தேன். வெள்ளிக்கிழமையாயிற்றே, பாதி டேங்கில் பொட்டு. பழசு, புதுசு, மழையில் வழிந்தது, விபூதிப் பட்டையே போட்டது. ஒன்றில்கூடக் கொப்புளம் இல்லை. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் இளவட்டம் ஓடி வந்தது.

"ஆன்டி ஆன்டி, சம்மனா? ஃபைன் போடுறீங்களா?"

"இல்லடா தம்பி. ஒன் டேங்க் அழகா இருக்குன்னு பாத்தேன்."

"வேணும்னா நானும் நிக்கவா?" என்று சிரித்தபடி பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினான். எடுத்தேன்.

மேனேஜரிடம் மறுபடி கெஞ்சப்போவதில்லை. பிரியா பங்சார் ஆபீசிலிருந்து வந்ததும் தலைமைக் கம்பெனிக்கே நேராக எழுதினாள். பிரவின் பொட்டு வைக்கிற படம் அந்தக் கடையின் பேஸ்புக்கில் இன்னும் இருக்கிறது. அதையும் என் படங்களையும் சேர்த்தாள். படித்துக் காட்டினாள். "காரம் பத்தல, இன்னும் கொஞ்சம் போடு" என்றேன். "அம்மா, இது சாம்பார் இல்ல" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு உள்ளே கட்டிலில் இவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

மே 8, புதன்

"கவனித்து வருகிறோம்" என்று கம்பெனியிலிருந்து பதில். கவனிக்கிறார்களாம்! இவருக்கு வலி மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். இப்போது ஸ்டேஷனிலிருந்து நான் நடந்துதான் வருகிறேன்.

மே 18, சனி

கம்பெனி ஆள் வந்தார். இக்ராம் என்று பெயர், சொந்த ஊர் சுங்கை வே பக்கம். நம்ம தமிழ் முஸ்லிம் பையன், பிரியாவைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். வாசலிலேயே மண்டிபோட்டு உட்கார்ந்து மோட்டாரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். சீட்டைத் தூக்கினார். பக்க மூடிகளைக் கழற்றி உட்புறம் விளக்கடித்தார். அங்கேயும் கொப்புளம்! பொட்டு என்ன, இவர் விரலே படாத இடம்.

"பாத்தீங்களா தம்பி? இங்க எந்தக் குங்குமம் வந்துச்சு?"

"பாத்தேங்க்கா."

"அப்ப உள்ள வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. உங்க பொட்டால இல்லன்னு ஒரு வார்த்த. அது போதும். டேங்க்கூட வேணாம்."

அவர் எழுந்து நின்றார். உதட்டைக் கடித்தார். "அக்கா, ரிப்போர்ட் வராம நான் சொல்லக் கூடாது. பெயிண்ட் துண்ட லேப்புக்கு அனுப்பணும். இப்ப ஒண்ணு சொல்லிட்டு நாளைக்கு மாத்திச் சொன்னா பெரிய தப்பாயிடும். வந்ததும் நானே கூப்பிடுறேன்."

நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

உள்ளே போனால் இவர் விழித்திருக்கிறார். "சீட்ட தூக்குன சத்தம் கேட்டுச்சு. என்ன சொன்னான்?" என்றார்.

"ரிப்போர்ட் வரணுமாம்."

"ம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மே 27, திங்கள்

பொய் சொன்னேன். வாசலில் நின்று போனைக் காதில் வைத்து, "அப்படியா, ரொம்ப சந்தோசம் தம்பி" என்று அவர் காதில் விழுகிற மாதிரி பேசிவிட்டு உள்ளே ஓடினேன்.

"கம்பெனி போனுங்க! பொட்டு காரணமில்லையாம்!"

என்னையே பார்த்தார். கண் மட்டும்தான் அந்த முகத்தில் பழைய அளவில் இருக்கிறது.

"யாரு பேசுனா?"

"அந்த இக்ராம் தம்பிதான்."

"அப்ப அந்தத் தம்பியவே வந்து சொல்லச் சொல்லு." என் கையைத் தேடிப் பிடித்தார். "ஒனக்குப் பொய் சொல்லவே வரல லோகேஸ். கல்லாவுல ஒக்காந்து இத்தன வருசமா என்னதான் கத்துக்கிட்ட?"

சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. நெஞ்சைத் தடவிக்கொடுத்தேன். அப்புறம் அவராகவே, "மோரிப் கடலு வரைக்கும் ஒரு தடவ ஒன்னய கூட்டிட்டுப் போயிருக்கலாம். பந்திங் ரோடு இப்ப நல்லா இருக்காம்" என்றார். போகலாம், சரியானதும் போகலாம் என்றேன். அதுவும் பொய்தான்.

ஜூன் 3, திங்கள்

விடியும்போது போய்விட்டார்.

ஜூன் 15, சனி

கருமாதிக்கு என்னென்ன வாங்குவது என்று நானும் பிரியாவும் பேசிக்கொண்டிருந்தோம். கேட்டில் ஆள் நிற்கிற மாதிரி இருந்தது. இக்ராம். சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றியவர் உள்ளே மாலை போட்ட படத்தையும் விளக்கையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா… எனக்குத் தெரியாதுக்கா."

ரிப்போர்ட் வந்துவிட்டதாம். அடிப்பூச்சு காய்வதற்கு முன்னாலேயே மேல்பூச்சு அடித்துவிட்டார்கள். அந்தத் தடவை இறங்கிய வண்டிகளில் இன்னும் சிலதிலும் இதே கொப்புளமாம். டேங்க், மூடி எல்லாம் புதிதாக மாற்றித் தருகிறார்களாம். கடைக்கும் எழுதிவிட்டார்களாம். "போன்ல சொல்லியிருக்கலாம். அண்ணன்கிட்ட நேர்ல சொல்லணும்னு அன்னிக்கு கேட்டீங்களே, அதான் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கெளம்பி வந்தேன்" என்றார்.

நான் படத்தைக் காட்டினேன். "அப்ப சொல்லுங்க. அங்கதான் இருக்காரு."

அந்தத் தம்பி தயங்கவில்லை. படத்துக்கு நேரே போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று, பெரியவர் ஒருவரிடம் பேசுகிற மாதிரியே சொன்னார்: "அண்ணே, உங்க பொட்டு மேல ஒரு தப்பும் இல்லண்ணே. எங்க ஆளுங்க சரியா காய வைக்கல. தப்பு எங்களோடது. மன்னிச்சிடுங்க."

அப்போதுதான் எனக்கு உடைந்தது. அவரை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அப்படி அழவில்லை. இத முன்னாடியே வந்து சொல்றதுக்கு என்னய்யா, ரெண்டு வாரம், ரெண்டே ரெண்டு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா, நம்பாமலே போயிட்டாரேய்யா என்று அந்தப் பிள்ளையைப் பிடித்துக் கத்தினேன். பாவம், தலை குனிந்து நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிரியா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். ஆறவிட்டுக் குடித்துவிட்டுத்தான் போனார்.

பழைய டேங்கைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும் என்றார். கொண்டு போகட்டும். அவர் மனசை அரித்த சனியன் அது.

ஜூலை 13, சனி

மோட்டார் தயாராகிவிட்டது என்று பிரவின் போன் பண்ணினான். பிரியாவோடு போனேன். மேனேஜர் இன்று கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து கைகொடுத்தார். கொடுத்தேன். கத்துவதற்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

புது டேங்க் அதே கருஞ்சிவப்பு. முகம் தெரிகிறது அதில். பிரியா உட்கார்ந்து சாவியைப் போட்டாள். அப்போது பிரவின் பின்பக்கத்திலிருந்து தட்டை எடுத்து வந்தான். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம்.

"மேனேஜர் இனிமே கடையில தட்டு வேணாம்னுட்டாரு ஆன்டி. இது நானா வாங்கிட்டு வந்தேன்" என்றான். பேசிக்கொண்டே வந்தவன் என் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டான். தட்டு பிரியா பக்கம் திரும்பியது. அவன் மேல் தப்பில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் கையால் புது வண்டிக்குப் பொட்டு வைக்க யார் விடுவார்கள்? நானே இத்தனை நாள் யாரையும் விட்டதில்லை.

தட்டை நான் வாங்கினேன். அவர் எப்போதும் வைக்கிற இடம் எனக்குத் தெரியும், பெட்ரோல் மூடிக்குக் கொஞ்சம் முன்னால், நடுவில். சந்தனத்தைக் குழைத்து வைத்தேன். அதன் மேல் குங்குமம். கொஞ்சம் கோணலாகிவிட்டது. ஹெல்மெட் வாங்க வந்த ஓர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பிக்கொள்ளட்டும்.

பிரவின் போட்டோ எடுக்கவில்லை. குனிந்து சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தான். பிரியா ஏற்றி நசுக்கிக்கொண்டு கிளம்பினாள். நான் பின்னால்.

வீட்டுக்குப் போகாமல் பந்திங் ரோட்டில் திருப்பச் சொன்னேன். "எங்கம்மா?" என்றாள். மோரிப் என்றேன். திருப்பினாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பாலத்தடியில் ஒதுங்கினோம். சந்தனமும் குங்குமமும் கரைந்து டேங்க் பக்கவாட்டில் சிவப்பாக வழிந்துகொண்டிருந்தது. பிரியா பையிலிருந்து டிஷ்யூவை எடுத்தாள்.

"அம்மா, புது டேங்க். தொடச்சிடவா?"

"இருக்கட்டும்டி" என்றேன்.