கையில் வந்த சூடு

கணபதி, கோவை
20.8.1996

அன்புள்ள மதிவதனிக்கு, காளிச்சாமி எழுதுவது.

உன் கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. நான் நலம் என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும். நலமில்லை என்று எழுதினால் உங்கள் அம்மாவுக்கு நிம்மதி வரும். அதனால் அதை விட்டுவிடுகிறேன். இந்தக் கடிதத்தை இதற்கு மேல் படிக்காதே. முதலில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. மீதியை அங்கே வரிசையில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

நாலு நாளாகச் சாயங்காலமானால் எழிலுக்கு உடம்பு சுடுகிறது, காதைக் காதைத் தேய்க்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். நான் இங்கே உட்கார்ந்து அவள் உயிரை இழுக்கிறேன் என்று அத்தை சொல்லித் தாயத்துக் கட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறாய். எனக்கும் வால்பாறைக்கும் நடுவில் நாற்பது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. அந்த மேட்டில் பஸ்ஸே திணறுகிறது, நான் எதை இழுக்கப் போகிறேன்? தாயத்து இருக்கட்டும், அவிழ்க்க வேண்டாம். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும்.

நீ இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். அந்தப் புத்தகம் படிக்கத் தகுந்ததா? அதில் இருப்பது நிஜமா? பதில் சொல்லாமல் மலையேறி வரக்கூடாது, வந்தால் பாப்பாவை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவேன் என்றும் எழுதிவிட்டாய். நான் வந்து நின்றால் நீங்கள் அவளை ஒளித்துவைப்பதில்தான் குறியாக இருப்பீர்கள். அதனால்தான் ஆளை அனுப்பாமல் கடிதத்தை அனுப்புகிறேன்.

மஞ்சள் காமாலை வந்து போனதிலிருந்து நான் எப்படிக் கிடந்தேன் என்று உனக்குத் தெரியும். பட்டறையில் அரை நாள் லேத் மிஷினுக்கு முன்னால் நின்றால் முழங்கால் நடுங்கும். நீ கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு மில்லுக்கு ஓடுவாய். பொண்டாட்டி சம்பாதிக்க, ஆம்பளை குழந்தைக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறானே என்று லைன் வீட்டில் அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. அந்த நேரத்தில்தான் உக்கடம் நசுருதீன் பாய் பழைய புத்தகக் கடையில் அதைப் பார்த்தேன். அட்டையில் கோரைப் பல்லோடு ரத்தக் காட்டேரி. உள்ளே ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது. பார்வையாலும் மூச்சாலும் உள்ளங்கையாலும் அடுத்தவர் உடம்பில் இருக்கும் சக்தியை நம் உடம்புக்கு இழுத்துக்கொள்வது எப்படி என்று, இங்கிலீஷிலிருந்து யாரோ தமிழில் எழுதியிருந்தான். பாய் அப்போதே, ‘இதெல்லாம் எதுக்குங்க, சமையல் புஸ்தகம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, ஊட்டுல சந்தோசப்படுவாங்க’ என்றார். கேட்டிருக்கலாம்.

முதல் கேள்விக்குப் பதில், தகுதி இல்லை. மூச்சுப் பயிற்சி பற்றிய முதல் இருபது பக்கம் பரவாயில்லை. அதற்குப் பிறகு ஒரே விஷயத்தைப் பத்து விதமாகச் சொல்கிறான். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும், பலிக்கவில்லை என்றால் உன் நம்பிக்கை போதவில்லை என்று எழுதியிருக்கிறான். மிஷின் ஓடவில்லை என்றால் மிஷினைத்தானே கழற்றிப் பார்ப்போம்? அது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பட்டறை முதலாளி கோபாலசாமி அண்ணனிடம் முயன்றேன். முதுகையே கண் கொட்டாமல் பார்த்தேன். அவர் திரும்பிப் பார்த்து, ‘ஏனப்பா, இன்னும் கண்ணு மஞ்சளாத்தான் இருக்குது, ஊட்டுக்குப் போய்ப் படு’ என்று அனுப்பிவிட்டார். போத்தனூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆளிடம் முயன்றேன். அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான்.

உன்னிடமும் முயன்றேன், மதி. நம்மேல் பிரியமாக இருப்பவர்களிடம் இழுப்பது சுலபம், அவர்கள் தடுக்க மாட்டார்கள் என்று அதில் போட்டிருந்தது. நீ ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் பஞ்சுத் தூசியோடு வெறுந்தரையில் படுத்திருந்தாய். கையை நீட்டினேன். உன்னிடம் எடுப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டேன். அன்றைக்கே புத்தகத்தையும் மூடியிருக்க வேண்டும்.

இனி எழுதுவதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. பாப்பா தூங்கிக்கொண்டுதான் இருந்தாள் என்று, அவளுக்கு ஜன்னி வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சொன்னேனே, அது முழு உண்மை இல்லை.

அன்று பதினொரு மணி இருக்கும். அவள் பாயில் கிடந்தாள். நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை வைத்தேன். சக்தி வந்தால் கையில் சூடு தெரியும் என்று புத்தகத்தில் இருந்தது. சூடு தெரிந்தது. கையை இறக்க இறக்க அதிகமானது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பலித்துவிட்டது, நாளைக்கே முழு நாள் நிற்பேன், உன்னை மில்லிலிருந்து நிறுத்திவிடுவேன் என்று என்னென்னவோ நினைத்தேன். கையை எடுக்காமல் நூறு மூச்சு எண்ணினேன். மறுபடியும் நூறு. அப்படியே அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போனேன்.

மூன்றரைக்கு நீ வந்து அவளைத் தொட்டுவிட்டுக் கத்தியபோதுதான் விழித்தேன். ஆட்டோவிலேயே ஜன்னி வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நூற்று நாலு டிகிரி என்றார்கள். வீடு திரும்பியதும் அந்தப் புத்தகம் உன் கண்ணில் பட்டது, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாய்.

ஆக, உன் இரண்டாவது கேள்விக்குப் பதில். புத்தகத்தில் இருப்பது பொய். நான் அவளிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. என் கைக்கு வந்தது காய்ச்சல். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, நான் அதைத் தொட்டுப் பார்த்துப் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தேன். உயிரை இழுத்தான் என்று அத்தை சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதுவாவது ஒரு வித்தை தெரிந்தவன் மாதிரி இருக்கும். இது முட்டாள்தனம். ஆனால் நான் சும்மா இருந்தால் நீங்களும் சூட்டை வேறு என்னவோ என்று நினைத்துத் தாயத்தோடு உட்கார்ந்துவிடுவீர்கள். நான் செய்த தப்பை நீயும் செய்யாதே, அம்மணி.

நேற்றே உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு, அன்று பாப்பாவைப் பார்த்த டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. சூடு எத்தனை மணிக்குத் தெரிந்தது என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். காதில் சீழ் வைத்ததால் வந்த காய்ச்சல் அது. மருந்தை ஏழு நாளும் கொடுத்தார்களா என்று கேட்டார்கள். நீ மூன்றாம் நாளே பஸ் ஏறிவிட்டாய், சரியாகிவிட்டது என்று நிறுத்தியதாக எழுதியிருக்கிறாய் என்றேன். மறுபடியும் சீழ் வைத்திருக்கும், ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்றார்கள். அவர்கள் எழுதிய சீட்டு இதற்குள் இருக்கிறது. அங்கே காட்டு.

நாளைக் காலை வால்பாறைக்கு லாரி ஓட்டிப்போகும் செங்கோடன் அண்ணனிடம் இதையும் ஒரு தெர்மாமீட்டரையும் கொடுத்து அனுப்புகிறேன். உதறிவிட்டு அக்குளில் மூன்று நிமிஷம் வை. எனக்கே பத்துத் தடவை வைத்துப் பார்த்துப் பழகிக்கொண்டேன்.

புத்தகத்தை எரிக்கச் சொல்லியிருந்தாய். பாயிடம் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, வாங்கிப்போகிறவன் வீட்டிலும் குழந்தை இருக்கும். கிழித்துப் பட்டறையில் எண்ணெய் துடைக்கப் போட்டுவிட்டேன். லேத்துக்கு முன்னால் இப்போது முக்கால் நாள் நிற்கிறேன்.

அத்தையை நான் கேட்டதாகச் சொல். எழில் கண்ணு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். நான் வரட்டுமா என்று இப்போது கேட்கவில்லை. அவள் நெற்றியில் உன் கையை வைத்துப் பார்த்து, சூடு இல்லை என்று மட்டும் ஒரு வரி எழுது. என் கையை நான் இனி நம்ப முடியாது.

இப்படிக்கு,
காளிச்சாமி