பிரிக்காத பெட்டிகள்

ஏப்ரல் 4, 1995

கெய்லுக்கு நர்ஸிங் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது! மே மாதத்துக்குள் முதல் தவணை கட்ட வேண்டும். வங்கிக் கடன் என்று நான் வாயெடுத்ததுமே என் புருஷன் வெர்ன் நிலவறைப் பக்கம் கை காட்டினான்.

"கடன் எதுக்கு? அவ படிப்பு கீழ தூங்குது. எழுப்பினா போதும்."

கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் மகள் பெயரில் அவன் வாங்கி அடுக்கிய பெட்டிகளைத்தான் சொல்கிறான். உள்ளே பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகள்; பழசானால் பொன் விலை போகும் என்பான். ஒன்றைக்கூட அவன் பிரித்ததில்லை. யாரையும் பிரிக்க விட்டதுமில்லை.

ஏப்ரல் 8

எழுதாவிட்டால் எதையாவது உடைப்பேன்.

பச்சைக் குழந்தையைப் போல் துண்டில் சுற்றி, பெட்டிகளை டுவைனின் அட்டைக் கடைக்கு எடுத்துப் போனோம். அவன் துண்டை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"வெர்ன் அண்ணே, வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. எனக்குப் பின்னாடி பாருங்க."

பின்னால் கூரை வரை அதே பெட்டிகள்.

"பிரிக்கவே இல்லப்பா! புத்தம் புதுசு!"

"அதான் வினையே. ஊர்ல ஒருத்தனும் பிரிக்கலண்ணே. எங்கம்மா என் சின்ன வயசு அட்டையெல்லாம் குப்பையில போட்டாங்க. எல்லா வீட்டு அம்மாவும் போட்டாங்க. தப்பிச்சது கொஞ்சம், அதான் பழசுக்கு இவ்வளவு மவுசு. இதை யாரு தூக்கிப் போட்டா? கம்பெனிக்காரனும் அச்சடிச்சுத் தள்ளிட்டான். போன வருஷம் ஆட்டக்காரங்க ஸ்ட்ரைக் பண்ணதுல இருந்த கொஞ்ச ஆசையும் போச்சு."

"கொஞ்சமாவது…"

"பீட்சா வாங்கலாம்ணே. ஒரு வாரத்துக்கு."

வண்டியில் கத்தினேன். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா ஓட்டல்ல நான் தட்டு தூக்கினது இந்தக் காகிதத்துக்கா? வாயைத் திறந்து பேசேன்!"

ஏப்ரல் 9

ஆறவில்லை. காசு மட்டுமா போனது?

முதல் பெட்டி வந்தபோது கெய்லுக்கு ஒன்பது வயது. தெருப் பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் அட்டையைச் செருகி, மோட்டார் மாதிரி சத்தம் கிளப்பிக்கொண்டு பறப்பார்கள். இவளுக்கும் ஆசை. தனக்குப் பிடித்த ஆட்டக்காரன் உள்ளே இருக்கிறானா என்று கண்ணாடித்தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். அதற்கு இவன் போட்ட கூச்சல்! "கை பட்டா காசு போச்சு!"

அன்றைக்குப் பிறகு அவள் அப்பாவோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்ததே இல்லை. அது இவனுக்கு உறைத்ததா? உறைக்கவில்லையே!

ஏப்ரல் 10

பேசவில்லை. சூப்பை அவனே சுட வைத்துக்கொள்ளட்டும்.

மே 2

கெய்ல் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். "இந்த வருஷம் நான் போகலப்பா. ஆஸ்பத்திரி கேன்டீன்ல வேலை கிடைச்சிருக்கு. பக்கத்துல இருக்கிற சின்னக் கல்லூரியில சாயங்கால வகுப்புல சேந்துக்கிறேன்."

"அடுத்த வருஷம் விலை ஏறும்மா…"

கரண்டியை வீசினேன். அவன்மேல் படவில்லை. பட்டிருக்கலாம்.

கெய்ல் கத்தவில்லை. "அதெல்லாம் எனக்குத்தானே வாங்கினீங்க? அப்ப என்னுதுதானே?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 12

இன்று அவளுக்கு வேலையில் முதல் நாள். காலையில் சமையலறைக்கு வந்தால், முதல் பெட்டி மேசையில், கெய்ல் கையில் கத்தி. கண்ணாடித்தாள் கிழியும் சத்தம் கேட்டு வெர்ன் ஓடி வந்தான். வரட்டும் என்று நான் குறுக்கே நின்றேன்.

அவள் சீட்டுக்கட்டு போலத் தள்ளித் தள்ளித் தேடினாள். "இருக்கான்!"

வாசலுக்குப் போய், துணி கிளிப்பால் அட்டையைச் சைக்கிளின் பின்சக்கரத்தில் மாட்டிச் சுற்றிவிட்டாள். படபடவென்று சத்தம்.

வெர்ன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "முனை மடங்குமே…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். குனிந்து சக்கரத்தின் சத்தத்துக்குக் காது கொடுத்தான்.

"முன்சக்கரத்துக்கும் ஒண்ணு மாட்டும்மா. அப்பதான் சத்தம் சரியா வரும்."

உள்ளே போய் இரண்டாவது பெட்டியை அவனே கிழித்தான்.

என் கோபம் இன்னும் போகவில்லை. துணிக்கொடிக்குப் போய் இன்னொரு கிளிப்பை எடுத்து வந்து கொடுத்தேன்.